நாலு கடிதமும் இருபத்தொரு நாளும்

மேசைத் தலைப்பில், கைபிடி வைத்த கதிரையில், விடுதியைப் பார்க்கிற மேற்றன் அம்மா. கிழக்கு வாங்கின் நடுவில், யன்னலுக்கு நேரே, அருமைநாயகி. அவளுக்கு வலப்பக்கம் உரும்பிராய்ப் பூரணம். இடப்பக்கம் பாலேஸ்வரி, தகப்பனார் மலாயாவில் றெயில்வே உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு ஊர் திரும்பியவர். எதிர் வாங்கில் கரையூரிலிருந்து வந்த செபஸ்தியம்மா. அவள் வாயைத் திறந்தால் யாருக்காவது சிரிப்பில் சோறு புரையேறும். மற்றப் பத்துப் பிள்ளைகளும் இரண்டு வாங்குகளிலும் அவரவர் இடத்தில். அடுப்படிக் கதவோரத்தில், தண்ணீர்ச் சாடிக்குப் பக்கத்தில், ஒருவரும் இல்லை.

சண்டிலிப்பாய் நமசிவாயத்தார் மகள் அருமைநாயகி, கல்லூரி விடுதியிலிருந்து தகப்பனாருக்கு எழுதிய முதற் கடிதத்தில் இப்படித்தான் இருந்தது. மேசை மெய். வாங்குகள் மெய். ஆட்களின் பேரும் ஊரும் மெய். 'ஒருவரும் இல்லை' என்று எழுதினாளே, அந்த அடுப்படிக் கதவோரத்தில்தான் அவள் இருந்தாள்.

நடந்தது இதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு தை மாதம், தவணை தொடங்கும் நேரம் பார்த்து அவளுக்குக் கொப்பளிப்பான் வந்துவிட்டது. வேப்பிலைத் தண்ணீரில் முழுகி எழும்பி விடுதிக்கு வரும்போது ஒரு கிழமை பிந்திவிட்டது. அந்த விடுதியில் எங்கும் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று உண்டு. தவணையின் முதல் நாள் யார் எந்த இடத்தில் சாப்பிட இருந்தாளோ, அந்த இடம் தவணை முடியுமட்டும் அவளுக்கே உரித்து. மிஞ்சிக் கிடந்தது கதவோரம். புகை அடிக்கும், சாடியில் தண்ணீர் மொள்ள வருகிறவர்களின் முழங்கை இடிக்கும், ஒருவரும் முகம் பார்த்துக் கதைக்க மாட்டார்கள். முதல் நாள் ஒருத்தி "உப்பைத் தாரும்" என்றாள். அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

படிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. கேத்திர கணிதத்தில் ஒரு முக்கோணம் இன்னொன்றின் மேல் பிசகாமல் பொருந்துகிறபோது நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி வரும். இருப்புத்தான் பிடிக்கவில்லை. ஆனால் அதை வீட்டுக்கு எழுத வழியில்லை. ஏனென்றால் சண்டிலிப்பாயில் அவளுடைய கடிதம் தனிக் கடிதம் அல்ல. தோட்டக் கிணற்றடியில் நாலுபேர் கூடுகிற நேரம் பார்த்து, ஐயா அதை உரத்து வாசிப்பார். கேட்பவர்களில் முதல் ஆள் அவருடைய தமையனார் முருகேசு. அருமைநாயகி வண்டிலில் ஏறிய அன்று அந்தப் பெரியையா சொன்ன சொல் ஊருக்கே தெரியும்.

"பொம்பிளைப் பிள்ளையைப் படிப்பெண்டு போடிங்கிலை விடுறதும், புகையிலைக் கண்டுக்குச் சுடுதண்ணி வாக்கிறதும் ஒண்டுதான். ஒரு மாதத்திலை வாடிப்போய் வந்து நிப்பாள், பார்."

ஐயாவும் விட்டுக்கொடுக்கவில்லை. "வாடினால் நானே வண்டில் கட்டிக் கூட்டியாறன் அண்ணை. பேந்து படிப்பு எண்ட கதையே எடுக்கமாட்டன்" என்று அத்தனை பேர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். சொன்ன சொல் தப்பாத மனிதர். ஆகவே அருமைநாயகியின் படிப்பு அவள் வாடாமல் இருப்பதில் தங்கி நின்றது. வாடாமல் இருக்க முடியவில்லை. வாடாதவள்போல எழுத முடிந்தது.

நாலு சனிக்கிழமை, நாலு கடிதம். ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் பழக்கிவிட்ட ஒழுங்கு அவளிடம் இருந்தது: அனுப்புகிற கடிதத்துக்கு நகல் வைக்காதவன், விதைக்கு வைக்காமல் விற்றவன். நாலு கடிதத்துக்கும் ஒரு நீலக் கொப்பியில் நகல் வைத்தாள். வார நாட்களிலும் மற்றவர்கள் கூடிக் கதைக்கிறபோது தூரத்திலிருந்து பார்த்து, நல்லதாக ஏதும் காதில் விழுந்தால் அடுத்த கடிதத்துக்கு ஆகுமென்று அதிற் குறித்துவைப்பாள்.

ஐந்தாஞ் சனிக்கிழமை காலை ஐயாவின் கடிதம் வந்தது.

"சிரஞ்சீவி அருமைநாயகிக்கு ஆசீர்வாதம். இவ்விடம் யாவரும் சுகம். உன் கடிதங்களைக் கேட்டுப் பெரியையா நம்பவும் மாட்டாமல் நம்பாமலிருக்கவும் மாட்டாமல் தவிக்கிறார். புகையிலை வெட்டத் தொடங்குமுன், வருகிற சனி கழித்து மூன்றாஞ் சனிக்கிழமை, அவரும் நானும் உன்னைப் பார்க்க வருவோம். எழுதியதை எல்லாம் கண்ணாற் காணவேண்டுமென்று நாலு கடிதத்தையும் என்னிடம் வாங்கி வைத்திருக்கிறார்."

அருமைநாயகி கடிதத்தை மடித்து வைத்தாள். கொஞ்ச நேரம் அழலாமா என்று பார்த்தாள்; அழுகைக்கும் நேரம் போதாது என்று பட்டது. நீலக் கொப்பியைத் திறந்து நாலு நகலையும் வாசித்து, பொய்களைத் தனியே பிரித்து எழுதினாள். யன்னலடி இடம். பூரணத்தின் சிநேகிதம், இருவரும் ஒருவருக்கொருவர் தண்ணீர் அள்ளி ஊற்றுவது. கம்பத்து வளையத்துக்குள் பந்து போடுகிற நெற்போல் விளையாட்டில் தானும் ஓடியாடுவது. தான் போட்ட பாத்தியில் பிடுங்கிய கீரையை விடுதியே ருசித்துச் சாப்பிட்டது. கடைசியாக, தான் சொன்ன ஒரு கதைக்கு மேற்றன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தது. இந்த ஐந்தாவதை எழுதியபோது எந்தப் பேய் பிடித்ததோ தெரியாது. மேற்றன் அம்மாவின் பல்லை அந்த விடுதியில் ஒருவரும் கண்டதில்லை.

பொய்யென்று தெரிந்தால் வண்டிலில் ஏற வேண்டியதுதான். மிச்சம் இருபத்தொரு நாள். இந்த ஐந்தையும் மெய்யாக்கினால் என்ன?

எது கனநாள் பிடிக்குமோ அதை முதலில் தொடங்கவேண்டும். தோட்டக்காரன் மகளுக்கு அது சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. முளைக்கீரைக்கு இருபத்தொரு நாள். அன்று பின்னேரமே அடுப்படிக்குப் போய், சமைக்கிற சின்னத்தங்கத்திடம் கீரை விதை கேட்டாள்.

"விதையோ? நேற்றுத்தான் திருநெல்வேலிச் சந்தையிலை வாங்கினது, வீட்டுக்கெண்டு வைச்சிருக்கிறன். என்னத்துக்குப் பிள்ளை உனக்கு?"

"அக்கை, உங்கடை பாத்திரம் கழுவிற தண்ணி சும்மா மதிலடிக்கு ஓடுது. பாக்க வயிறு எரியுது."

சின்னத்தங்கம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு மாதமாகத் தன் கதவடியில் ஊமை மாதிரி இருந்த பிள்ளை இது. விதையை அள்ளி அவள் கையில் கொடுத்துவிட்டு, "மண்வெட்டி மூலையிலை கிடக்கு. எடு" என்றாள். பொழுது சாயுமுன் பாத்தி கட்டி, வாய்க்கால் திருப்பி, விதை தூவி, மேலே மணல் தெளித்தாயிற்று. விடுதிக்கு வந்த பிறகு கையில் மண் ஒட்டியது அன்றைக்குத்தான். அன்று இரவு கதவோரத்தில் அவள் இரண்டாந்தரம் சோறு கேட்டுச் சாப்பிட்டாள்.

அடுத்த நாள் பூரணம். கிணற்றடியில் பூரணம் தலைக்குச் சீயாக்காய் வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு வாளியைக் கையால் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். அருமைநாயகி போய்க் கயிற்றைப் பிடித்து, நாலே இழுவையில் ஒரு வாளி அள்ளி அவள் தலையில் ஊற்றினாள்.

"ஆரடி உது? பாலேசோ? என்ன இண்டைக்குப் புண்ணியம் தேடுறாய்?"

"நான் அருமைநாயகி."

பூரணம் திடுக்கிட்டுக் கண்ணைத் திறக்க, சீயாக்காய் கண்ணுக்குள் போய்விட்டது. "ஐயோ கண்! நீயோ? கிணத்தடிக்கும் வந்திட்டியோ எழுத?"

"என்னத்தை எழுத?"

"என்னத்தையோ! ஆர் படிப்பு நேரத்திலை நித்திரை கொண்டவள், ஆர் மதிலாலை மாங்காய் பிடுங்கினவள். நாங்கள் கதைக்கத் தொடங்க நீ உந்த நீலக் கொப்பியைத் திறப்பாய். ரண்டு நாளிலை மேற்றன் எங்களைப் பிடிச்சு ஏசுவா. எங்களுக்கு மண்டைக்குள்ளை களிமண்ணோ?"

அருமைநாயகி வாளியைக் கீழே வைத்தாள். இவர்கள் கெப்பர் பிடித்து, தன்னைக் கீழாக நினைக்கிறவர்கள் என்று அவள் ஐந்து கிழமையாக நினைத்துக்கொண்டிருந்தாள். அவர்களோ இவளைக் கோள் எழுதுகிறவள் என்று நினைத்து, ஐந்து கிழமையாக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அறைக்கு ஓடி, கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். "வாசி."

அது எளிதான காரியம் இல்லை. பூரணம் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, கிணற்றுக் கட்டில் குந்தி வாசித்தாள். முதல் பக்கத்தில் புருவம் நெரிந்தது. இரண்டாம் பக்கத்தில் வாய் திறந்தது.

"'பூரணம் சிரித்தால் கிணற்றடிக் காகம் பறந்துவிடும்' எண்டு கிடக்கு."

"ஓம். அது மெய்."

"'பூரணம் எனக்குத் தலை பின்னிவிடுவாள்'?"

"அது பொய்."

"'ஒருவருக்கொருவர் தண்ணீர் அள்ளி ஊற்றுவோம்'?"

"அதிலை பாதி மெய். ஒரு வாளி இப்ப ஊத்தினன்."

பூரணம் அவளைப் பார்த்தாள், கொப்பியைப் பார்த்தாள், பிறகு சிரித்தாள். காகம் பறந்தது. "எடி விசரி! எனக்கே சொல்லாமல் ஒரு மாதமா என்னைச் சிநேகிதியா வைச்சிருக்கிறியே! இரு, இரு. இப்ப குனி." ஒரு முழு வாளித் தண்ணீர் அருமைநாயகியின் தலையில் விழுந்தது. "இந்தா, மற்றப் பாதியும் மெய்."

அன்று பின்னேரம் அந்தக் கொப்பி விடுதி முழுவதும் சுற்றியது. வெட்கத்தில் செத்துப்போவேன் என்று அருமைநாயகி நினைத்தாள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பாலேஸ்வரி தன்னைப்பற்றி எழுதியிருந்ததை இரண்டுமுறை வாசித்து, "என்ரை கையெழுத்து வடிவெண்டு இவ்வளவு நாளும் ஒருத்தரும் சொன்னதில்லை" என்றாள். செபஸ்தியம்மா கொப்பியை மார்பில் அணைத்துக்கொண்டாள். "என்ரை பகிடிக்கு எல்லாரும் சிரிச்சது எண்டு எழுதியிருக்கிறாள். நாலு காயிதத்திலையும் உள்ள ஒரே சத்தியம் உதுதான், பிள்ளையள்!"

நெற்போலுக்குச் செபஸ்தியம்மாதான் வாத்தி. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகச் சொல்லி, நாள்தோறும் பந்தை அவள் நெஞ்சுக்கு எறிந்தாள். அருமைநாயகிக்குப் பந்து பிடிக்க வரவில்லை. வளையத்துக்குள் போடவும் வரவில்லை. வரவேயில்லை என்றே சொல்லவேண்டும். ஆனால் பந்துக்குப் பின்னால் ஓடி, மூச்சு இரைத்து, மணலில் விழுந்து எழும்புகிற அந்த அரை மணித்தியாலத்துக்காக, மத்தியானத்திலிருந்தே மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினாள்.

இடந்தான் கஷ்டமாயிருந்தது. பூரணம், "நான் கதவடிக்குப் போறன், நீ என்ரை இடத்திலை இரு" என்றாள். அது அருமைநாயகிக்குச் சரியாகப் படவில்லை. கதவோரத்தில் யாரோ ஒருத்தி இருக்கத்தானே வேண்டும்? ஊரில் அவர்களுடைய தோட்டக் கிணறு பங்குக் கிணறு. பங்குக்காரர் எத்தனை பேரோ அத்தனை முறை. உன் முறைக்கு நீ இறைப்பாய், என் முறைக்கு நான். அதே ஒழுங்கில் பதினாலு பேருக்கும் ஒரு முறைத்தாள் எழுதினாள். நாளுக்கு ஒரு இடம் நகரவேண்டும். பதினாலு நாளில் ஒரு சுற்று. கோடு போட்டு, பெயர் எழுதி, மேற்றன் அம்மாவிடம் கொண்டுபோனாள். மேற்றன் அம்மா கண்ணாடியை மாட்டி, கட்டம் கட்டமாகப் பார்த்து, ஒரு பிழையும் காணாமல், சிரிக்கவும் செய்யாமல் கையெழுத்து வைத்தா. அடுத்த சனிக்கிழமை அவரவர் இருந்த இடத்திலிருந்தே சுற்றுத் தொடங்கியது.

அதன் பிறகு நாட்கள் ஓடின. யன்னலடியில் இருந்த அன்று மாமரத்தில் அணில் பார்த்தாள். மேசைத் தலைப்புக்குப் பக்கத்தில் இருந்த அன்று மேற்றன் அம்மா இரசத்துக்கு மிளகு கூட என்று முணுமுணுத்ததைக் கேட்டாள். ஒவ்வொரு நாளும் பக்கத்தில் ஒரு புது ஆள், ஒரு புதுக் கதை. கீரை மூன்றாம் நாள் முளைத்து, பத்தாம் நாள் செம்பச்சையாய்ப் பாத்தியை மூடியது. பூரணம் தலை பின்னிவிட்டாள். இழுத்துப் பின்னினால் கண்ணீர் வரும், ஆனாலும் இருந்து கொடுத்தாள். நீலக் கொப்பியைத் திறக்கவே மறந்துவிட்டாள். வீட்டுக்கு எழுதிய இரண்டு கடிதங்களும் அவசரத்தில் எழுதிய அரைப் பக்கந்தான்.

இருபதாம் நாள், சுவரில் ஒட்டியிருந்த முறைத்தாளைப் பார்த்தபோதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. பதினாலு நாளில் ஒரு சுற்று. எந்த இடத்தில் தொடங்கினாளோ, நாளைக்கு அதே கதவோரம்.

"ஒரு நாளைக்கு மாறி இருப்பம். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றாள் பூரணம்.

அருமைநாயகி தாளில் தன் பெயர்க் கட்டத்தில் விரலை வைத்தாள். "வேண்டாமடி. முறை எழுதினவளே முறை மாறினால் பேந்து கிணறு ஆருக்கு?"

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வண்டில் வந்தது. ஐயா ஒரு மூடை மரவள்ளிக்கிழங்கோடு இறங்கினார். பெரியையா சால்வைக்குள்ளிருந்து நாலு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். வந்த இருவருக்கும் பக்க மேசையில் இலை போட்டிருந்தார்கள். பிள்ளைகள் சாப்பிட இருந்ததும், பெரியையா சோற்றில் கை வைக்காமல், வழக்கில் பிறக்கிராசி குறுக்குக் கேள்வி கேட்கிறமாதிரி முதற் கடிதத்தை விரித்தார்.

"அருமை, இஞ்சை பார். காயிதத்திலை யன்னலுக்கு நேரே எண்டு கிடக்கு. கதவடியிலை ஒருத்தரும் இல்லை எண்டு கிடக்கு. இப்ப அந்த ஒருத்தரும் இல்லாத இடத்திலை இருக்கிறது ஆர்?"

ஐயாவின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. பூரணம் எழும்பப் பார்த்தாள். அருமைநாயகி கண்ணால் இருத்தினாள்.

"இண்டைக்கு என்ரை முறை, பெரியையா."

"என்ன முறை?"

"எங்கடை பங்குக் கிணத்திலை உங்கடை முறை செவ்வாயும் வெள்ளியும். மற்ற நாளிலை கிணறு உங்களுக்கு இல்லை எண்டு உங்கடை பயிர் வாடிப்போச்சோ? அதுமாதிரித்தான். அந்தா சுவரிலை ஒட்டிக் கிடக்கு."

பெரியையா எழும்பிப் போனார். பங்குக் கிணற்று முறைக்காக மூன்று வருஷம் வழக்காடிக் கோட்டுக்கு நடந்த மனிதர் அவர். விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக வாசித்தார். பெயர் பெயராக, நாள் நாளாக. திரும்பும்போது முகம் வேறாக இருந்தது.

"ஒரு நாளும் பிசகேல்லை. ஆர் உதை எழுதினது?"

"நான்தான்."

அந்த நேரம் அடுப்படிக் கதவு திறந்து, சின்னத்தங்கம் பொரித்த சூட்டோடு ஒரு அப்பளத்தை அருமைநாயகியின் இலையில் போட்டாள். "கதவடியிலை இருக்கிறவைக்குத்தான் முதல் அப்பளம், பெரியையா" என்றாள் அருமைநாயகி, கடித்துக்கொண்டே. "பதினாலு நாள் காத்திருந்தனான்." பின்னாலேயே சட்டியில் கீரைக் கடையல் வந்தது. ஐயா ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். "எங்கடை மண் இல்லை," என்றார் மெல்ல. "எண்டாலும் எங்கடை கை."

பின்னேரம் நெற்போல். பெரியையா தோல்வியை ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. கடைசிக் கடிதத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மேற்றன் அம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் நின்றார். அருமைநாயகி ஓடினாள், விழுந்தாள், எழும்பி எறிந்தாள். பந்து வளையத்தைத் தொடவே இல்லை. இரண்டாந்தரம் வேலியைத் தாண்டிப் போயிற்று. அவளும் பூரணமும் செபஸ்தியம்மாவும் சிரிப்பை அடக்கமாட்டாமல் மணலில் இருந்துவிட்டார்கள். பிறகு பாலேஸ்வரி எறிந்தாள். பந்து அழகாக வளையத்துக்குள் விழுந்து, வலைக்குள்ளால் கீழே வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பெரியையா மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"என்ன கை தட்டு? கூடைக்கு அடி இல்லை!" என்றார் உரத்து. "பிள்ளையள் வெய்யிலுக்குள்ளை நிண்டு போடப் போட, பந்து ஒழுகிப்போய்க்கொண்டிருக்குது. அடி வைச்சு முடையத் தெரியாதவன் ஆரோ உங்களை ஏமாத்திப்போட்டான், அம்மா. நான் ஊருக்குப் போய் நல்ல பனையோலைக் கடகமா ரண்டு அனுப்பிவிடுறன்."

மேற்றன் அம்மாவின் தோள் ஒருதரம் குலுங்கியது. சேலைத் தலைப்பு வாய்க்குப் போயிற்று. அதற்கும் அடங்காமல், கண்ணாடி மடியில் விழ, கதிரையின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு அவ சிரித்தா. பதினாலு பிள்ளைகளும் விளையாட்டை விட்டுவிட்டு அதைப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் சரிந்திருந்தது. அருமைநாயகி மனதுக்குள் ஐந்தாவது பொய்க்கு எதிரே ஒரு கோடு போட்டாள். கடிதத்தில் தன் வாயால் என்று எழுதியிருந்தாள். பெரியையாவின் வாயால் நடந்தது. வாய் மாறினாலும் சிரிப்பு மெய்.

வண்டிலில் ஏறும்போது ஐயா வேட்டியைத் தட்டிக்கொண்டு, "அப்ப அண்ணை, கண்டு வாடிப்போச்சோ?" என்றார்.

பெரியையா மாட்டைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். "அடுத்த தவணைக்கு என்ரை மகள் பராசக்தியையும் கொண்டுவந்து விடப்போறன். நீ மட்டும் கிணத்தடியிலை காயிதம் வாசிச்சுத் திரிய, நான் கேட்டுக்கொண்டு நிக்கிறதோ?"

அருமைநாயகி வாசற் படலையடியில் நின்று, வண்டில் மறையுமட்டும் கை காட்டினாள். கால் நிலத்தில் பாவவில்லை. ஆனால் ஒரே ஒரு முள் குத்தியது. நாலு கடிதத்தை நம்பித்தானே பராசக்தி வரப்போகிறாள்? ஒரு கிழமை பிந்தி வந்து, கதவோரத்தில் இருந்து, தன்னைப்போல அவளும் பொய் எழுதினால்? ஐயாவும் இன்னும் அந்த நாலையும் மெய்யென்றே கிணற்றடியில் வாசிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நீலக் கொப்பியைத் தூசி தட்டி எடுத்தாள். கூட இருந்த பூரணம் எட்டிப் பார்த்தாள்.

"அன்புள்ள ஐயாவுக்கு. நான் எழுதிய முதல் நாலு கடிதமும் எழுதிய நாளில் பொய். கதவோரத்தில் ஒருவரும் இல்லை என்று எழுதியது என்னைத்தான். உங்கள் கடிதம் வந்த பிறகு இருபத்தொரு நாளில் அவற்றை மெய்யாக்கினேன். நீங்கள் சனிக்கிழமை கண்டது அத்தனையும் மெய். நான் வாடியிருந்தேன், இப்போது வாடவில்லை. இதையும் கிணற்றடியில் உரத்து வாசியுங்கள். பராசக்திக்குச் சொல்லுங்கள்: வந்த அன்றே வாய் திறந்து கதைக்கவேண்டும். கதவோரம் கிடைத்தால் பயப்படவேண்டாம், அப்பளம் முதலில் அங்கேதான் வரும். நெற்போலில் நான் இன்னும் ஒரு பந்தும் போடவில்லை. அதைப் போட்ட அன்று எழுதுகிறேன். பெரியையாவின் கடகத்துக்கு மேற்றன் அம்மா இடம் பார்த்து வைத்திருக்கிறா."

"எடி, உதுக்கு உன்னை வந்து கூட்டிக்கொண்டு போனால்?" என்றாள் பூரணம்.

"வரட்டன். இந்தமுறை எனக்குக் காட்ட ஒண்டும் ஆயத்தம் செய்யத் தேவையில்லை."

நகல் எடுத்து முடித்தாள். உறையில் பசை காய்ந்திருந்தது. அடுப்படிக்குப் போய், சின்னத்தங்கத்திடம் நாலு சோற்றுப் பருக்கை வாங்கி, நசித்துத் தடவி, உறையின் வாயைப் பெருவிரலால் அழுத்தி ஒட்டினாள். மறுநாட் காலை தபாற்காரரின் சைக்கிள் மணி கேட்டதும் படலைக்கு ஓடி, கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் அதைத் தோற்பைக்குள் போட்டு, வாரை இறுக்கிக்கொண்டு மிதித்தார். விளையாட்டு முற்றத்திலிருந்து செபஸ்தியம்மா பந்தோடு கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.